மோட்டார் படி

அந்த வண்டியை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது. அதை வாங்கியவனை அதற்கும் முன்பிருந்தே பிடிக்காது. நேரில் 'வாங்க மொதலாளி, சரிங்க மொதலாளி' என்று பதினெட்டு வருஷம் சொல்லித் தேய்ந்த வாய் இது. எழுத்திலாவது அவன், இவன் என்று எழுதிக்கொள்கிறேன். யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

திருவொற்றியூரில் அவனுக்கு டிரெய்லர் யார்டு. துறைமுகத்திலிருந்து எண்ணூருக்கும், மீஞ்சூர் பக்கத்துக் கிடங்குகளுக்கும் கன்டெய்னர் இழுக்கிற தொழில். பதினாலு வருஷம் நான் அவனிடம் டிரெய்லர் ஓட்டினேன். ஒரு மழை நாளில் கேபினிலிருந்து இறங்கும்போது கால் வழுக்கி, இடது முட்டியை நேராக சிமென்ட் தரையில் கொண்டுபோய் இடித்தேன். ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். நடக்கலாம், நிற்கலாம். ஆனால் முட்டி பாதிக்கு மேல் மடங்காது. கிளட்ச் மிதித்தால் உயிர் போய் உயிர் வரும்.

அவனிடம் இதைச் சொல்லவில்லை. "முட்டி சரியாப் பூடுச்சு மொதலாளி. கண்ணுதான் நைட்ல கூசுது, சின்ன வண்டி எதுனா குடுங்க" என்றேன். பொய்தான். ஆனால் அந்தப் பொய்யைச் சொல்ல வைத்ததே அவன்தான். அதற்கு முந்தின வருஷம் எங்கள் யார்டில் இன்னொரு டிரைவருக்குச் சர்க்கரை நோயால் பாதத்தில் புண். கட்டுப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார். இவன் யார்டு நடுவில், எல்லோர் முன்னாலும், அவர் கையிலிருந்த சாவியைப் பிடுங்கினான்.

"நொண்டிக்கெல்லாம் ஸ்டீரிங் குடுக்க நான் இன்னா தர்மசத்திரமா நடத்திகினு கீறேன்? போய்யா, வூட்டுக்குப் போய் குந்து."

அந்த மனிதர் டிபன் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனார். நாங்கள் இருபது பேர் நின்று வேடிக்கை பார்த்தோம். என்னையும் சேர்த்துத்தான். அதன் பிறகு எவனாவது அவனிடம் போய் 'என் முட்டி மடங்கவில்லை' என்று சொல்வானா? எனக்கு ஐம்பத்து மூன்று வயது. ஸ்டீரிங் பிடிப்பது தவிர வேறு ஒரு வேலையும் தெரியாது. மகள் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். என் முட்டி அவன் கண்ணில் பட்டால் அன்றோடு என் சோறு போச்சு. இதை மனதில் முடிந்து வைத்துக்கொண்டு, அவன் என்னைத் தன் சொந்தக் காருக்கு டிரைவராகப் போட்டதற்குக் கும்பிடு போட்டேன்.

கார் எனக்குத் தோதாக இருந்தது. ஆட்டோமேட்டிக் கியர், இடது காலுக்கு வேலையே இல்லை. தாழ்வான வண்டி, பின்பக்கத்தைச் சீட்டில் வைத்துக் காலை இழுத்துக்கொண்டால் முடிந்தது. மூன்று வருஷம் ஒருத்தருக்கும் தெரியாமல் ஓட்டினேன். அப்புறம் அவன் என் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டான். எதிர் யார்டுக்காரன் பின்னால் திறந்த தொட்டி வைத்த பெரிய பிக்கப் வாங்கிவிட்டானாம், அதனால் இவனும் காரை விற்றுவிட்டு அதே மாதிரி ஒன்று வாங்கினான். கியர் இதிலும் ஆட்டோமேட்டிக்தான், ஆனால் எருமை மாதிரி வண்டி. கதவைத் திறந்தால் உள்ளே கால் வைக்கிற இடமே என் தொடை உயரத்துக்கு இருந்தது.

ஷோரூமில் சாவியை என் பக்கம் தள்ளினான். "ஏறி ஒரு ரவுண்டு ஓட்டுடா" என்றான்.

"புது வண்டி, மொதல்ல நீங்க ஓட்டுங்க மொதலாளி" என்றேன்.

"நான் எதுக்கு? நீ எதுக்கு கீற?"

இப்படி இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் தள்ளிக்கொண்டு நின்றோம். கடைசியில் ஷோரூம்காரரே வண்டியை எடுத்து, நேராக மவுண்ட் ரோடு பக்கத்து ஆக்சஸரீஸ் கடையில் கொண்டுவந்து விட்டார். நாங்கள் ஆட்டோவில் பின்னால் போனோம். "சம்சாரம் பொடவையோட ஏறணும், படி வெச்சிக் குடு" என்றான் கடைக்காரரிடம். சாதாரண இரும்புப் படியைக் காட்டினார்கள். மூஞ்சியைச் சுளித்தான். அப்புறம்தான் அந்த மோட்டார் படியைக் காட்டினார்கள். கதவைத் திறந்ததும் வண்டிக்கு அடியிலிருந்து ஒரு நீளப் பலகை சர்ரென்று வெளியே இறங்கி வந்து நிற்கும். கதவைச் சாத்தினால் இரண்டு மூன்று விநாடியில் தானே மடங்கி உள்ளே போய்விடும். படி இருக்கிற சுவடே வெளியே தெரியாது. அந்தச் சுவடு தெரியாததுதான் அவனுக்குப் பிடித்தது.

எனக்கும்தான். மாட்டி முடித்ததும் நல்ல காலைப் படியில் வைத்து எழும்பி, இடது காலை நீட்டியபடியே உள்ளே விட்டு உட்கார்ந்தேன். ஒன்றும் தெரியவில்லை. யாருக்கும் தெரியவில்லை. அந்த இடத்திலேயே படியைக் கும்பிட்டிருப்பேன், அவன் பக்கத்தில் நிற்காமல் இருந்திருந்தால்.

அதற்குப் பிறகு அவன் அடித்த கூத்து இருக்கிறதே! டீக்கடையில் நிறுத்தினால் பத்துத் தடவை கதவைத் திறந்து திறந்து மூடுவான். படி வரும், போகும், வரும், போகும். டீ ஆறிக்கொண்டிருக்கும்.

"பாத்தியா மாமு? தொறந்தா வந்து நிக்குது. வூட்ல கீறவங்ககூட இப்டி வந்து நிக்க மாட்டாங்க."

"ஸோக்கா கீது மொதலாளி. துன்றதுக்கு எதுனா குடுத்தா கொரைக்குமா?" என்று ஒரு லோடுமேன் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்து, "வண்டிய எட்றா பேமானி" என்றான். லோடுமேன் பேசியதற்கு நான் பேமானி. பதினெட்டு வருஷமும் அப்படித்தான் போயிற்று.

செருப்புக் கதையைச் சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. லாரிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கேபினுக்குள் செருப்போடு ஏற மாட்டோம். கீழ்ப்படியில் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு ஏறுவோம். சாமி படம் இருக்கிற இடம் அல்லவா? கை தானாகச் செய்கிற காரியம் அது. புது வண்டி வந்த வாரமே மோட்டார் படியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறிக் கதவைச் சாத்தினேன். படி உள்ளே போயிற்று, செருப்பு எண்ணூர் ரோட்டில் விழுந்தது. மாதவரத்தில் இறங்கும்போதுதான் தெரிந்தது. கொளுத்துகிற வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு தவித்தேன். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். திரும்பி வரும் வழியில் ஒரு செருப்புக் கடையில் வண்டியை நிறுத்தட்டுமா என்று கேட்டேன். "படிக்குக் காணிக்க குடுத்தேன்னு நெனச்சிக்க" என்றான். நிறுத்த விடவில்லை. மனிதனா அவன்?

இருந்தாலும் படியை நான் விட்டுக்கொடுக்கவில்லை. எண்ணூர் ரோடு தெரியும் அல்லவா? ஒரு பக்கம் நிலக்கரித் தூள், ஒரு பக்கம் சாம்பல், கடற்கரை மணல், மழை பெய்தால் இவையெல்லாம் சேர்ந்த கறுப்புச் சேறு. சக்கரம் வாரி அடிக்கிற அத்தனையும் படியின் மூட்டுகளில் போய் உட்காரும். மாட்டிக் கொடுத்த மெக்கானிக் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "தண்ணி அடிச்சிக் கழுவுனாப் போதும். கிரீஸு, ஆயிலு ஒண்ணும் வெச்சிடாதீங்க." எனக்குச் சிரிப்பு வந்தது. இரும்போடு இரும்பு உரசுகிறது, கிரீஸ் வேண்டாமாம்! எத்தனை டிரெய்லரின் மூட்டுகளுக்கு கிரீஸ் அடித்த கை இது!

எங்களுக்கு வெள்ளிக்கிழமை என்றால் வண்டியைக் கழுவி, கிரீஸ் அடித்து, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கிக் கற்பூரம் காட்டுகிற நாள். இதில் எதை விட்டாலும் கிரீஸை விட மாட்டோம். பிக்கப்புக்கும் அதையே செய்தேன். கழுவி முடித்ததும் மல்லாந்து படுத்து, படியின் ஒவ்வொரு மூட்டிலும் விரலால் கிரீஸை அள்ளி அடைத்தேன். இரண்டு பக்கப் படிக்கும் சந்தனப் பொட்டு வைத்தேன். அவனுக்காகவா வைத்தேன்? என் முட்டிக்காக வைத்தேன். அந்த மூட்டு ஓடினால்தான் என் பிழைப்பும் ஓடும். ஒரு வருஷம், ஒரு வெள்ளி தவறவில்லை.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் படி முனக ஆரம்பித்தது. மெதுவாக வந்தது, மெதுவாகப் போயிற்று. நான் இன்னும் கொஞ்சம் கிரீஸ் வைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் மனைவியை ராயபுரத்தில் மாதா கோயிலுக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. சொந்தக்காரர் குழந்தைக்கு ஞானஸ்நானம். அந்த அம்மா பட்டுப் புடவையில் வந்து முன் கதவைத் திறந்தார். அடியில் 'க்ர்ர்ர்' என்று ஒரு சத்தம், அப்புறம் 'டக்'. படி வரவில்லை.

"இன்னாபா, மொறச்சிகினு கீது?" என்றார். நான் இறங்கி வருவதற்குள் புடவையை ஒரு கையால் தூக்கிச் செருகி, கைப்பிடியைப் பிடித்து, ஒரே எம்பில் ஏறிச் சீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். "படி உங்களுக்குன்னுதான மொதலாளி வாங்கனாரு?"

"எனக்கா? காசிமேட்டுல பொறந்தவபா நான். போட்டுல ஏறி எறங்குன காலு இது. எனக்கு எதுக்குப் படி?" கண்ணாடியைப் பார்த்துப் பூவைச் சரி செய்துகொண்டே சொன்னார். "அவருக்குத்தான். சக்கரைல வலது கால்ல ரெண்டு வெரல எடுத்து ரெண்டு வருசம் ஆவப்போது. ஊருக்குத் தெரியக் கூடாதுன்னு ராவும் பகலும் ஷூவ மாட்டிகினு கீறாரு. நீ இன்னா முழிக்கற? உன் முட்டியும்தான் எனக்குத் தெரியும். மூணு வருசமா நான் வாயத் தொறந்தனா? நீயும் தொறக்காத. வண்டிய எடு, அங்க பூச ஆரம்பிச்சிடுவாங்க."

வண்டியை எடுத்தேன். பாவம் என்று தோன்ற வேண்டும் இல்லையா? தோன்றவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது. டிபன் பாத்திரத்தோடு நடந்துபோன அந்த மனிதருக்கும் அதே நோய், அதே கால். 'நொண்டி' என்று சொன்ன வாய்க்குக் கீழே இரண்டு விரல் குறைந்த கால் ஷூவுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. கோயில் வாசலில் அந்த அம்மா குதித்து இறங்கிப் போன பிறகு, ஸ்டீரிங்கில் ஓங்கி ஒரு குத்து விட்டேன். கை வலித்ததுதான் மிச்சம்.

திங்கட்கிழமை காலையில் இரண்டு பக்கமும் படி செத்துவிட்டது. ஷெட்டில் கிடந்த ஒரு ஹாலோ பிளாக் கல்லை இழுத்துப் போட்டு அதன் மேல் ஏறித்தான் சீட்டுக்குப் போனேன். தண்டையார்பேட்டையில் தெரிந்த எலக்ட்ரீஷியன் பட்டறையில் விட்டேன். துறைமுகத்தில் வேலை முடிந்து அவன் ஆட்டோவில் வந்து சேர்ந்தான். எலக்ட்ரீஷியன் வண்டிக்கு அடியில் படுத்து, ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி, ஒரு கறுப்புக் கட்டியை எடுத்து வெளியே போட்டார். கல் மாதிரி 'டொக்' என்று விழுந்தது.

"எவன் நைனா இதுல கிரீஸு வெச்சது? கரித்தூளு, சாம்பலு எல்லாம் அதுல ஒட்டி சிமென்ட்டாட்டம் எறுகிப் போச்சு. மோட்டாரு மல்லுக்கட்டி மல்லுக்கட்டி எரிஞ்சி பூட்ச்சி. கன்ட்ரோல் பாக்ஸும் அவுட்டு. பார்ட்டு வெளியூர்லேர்ந்து வரணும், மூணு வாரம் ஆவும்."

அவன் என்னைப் பார்த்தான். "நான்தான் மொதலாளி" என்றேன். வேறு யார் மேல் போட முடியும்?

"கஸ்மாலம்! வேணாம்னு சொன்னத செய்யறதுக்குன்னே பொறந்திருக்கடா நீ."

எலக்ட்ரீஷியன் நல்ல மனிதர். "அதுவரைக்கும் ஒரு இரும்புப் படி வெல்டிங் பண்ணிடலாமா? ஒரு மணி நேர வேலதான்" என்றார். கடவுளே, சரி என்று சொல்லேன் என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவனுக்கும் தேவைதான், எனக்கும் தேவைதான். அவன் தலையை ஆட்டினான். "ஷேர் ஆட்டோ மாறி படி வெச்சிகினு சுத்தவா? எனுக்கு எதுக்குப் படி? ஒண்ணும் வாணாம். ஏறுடா, எண்ணூர்ல பார்ட்டி வந்து நிக்குது."

சுற்றிலும் பார்த்தேன். ஒரு கல், ஒரு டயர், ஒரு பழைய டின் எதுவும் கைக்கெட்டுகிற தூரத்தில் இல்லை. அவன் பார்த்துக்கொண்டு நின்றான். கைப்பிடியைப் பிடித்து எம்பினேன், முடியவில்லை. மறுபடி எம்பினேன், முட்டி ஒத்துழைக்கவில்லை. மூன்றாவது தடவை வெட்கத்தை விட்டு, பேண்ட் துணியைப் பிடித்து இடது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்து, இரண்டு கையாலும் உடம்பை இழுத்துச் சீட்டில் போட்டேன். மூச்சு வாங்கியது. கீழே அவன் முகம்.

"இன்னாடா அது? இத்தினி வருசமா டபாய்ச்சிகினு கீறியா? நொண்டிய வெச்சா நான் வண்டி ஓட்டிகினு இருந்தேன்? எறங்கு. சாவியக் குடு."

பயம் என்று ஒன்று இவ்வளவு காலம் இருந்தது அல்லவா, அது அந்த நிமிஷம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. "குடுக்கறேன். எண்ணூருக்கு யாரு ஓட்டுவா? நீங்களா?" என்றேன். "பார்ட்டி நிக்குதுன்னீங்களே. ஏறுங்க."

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றி வந்து இடது பக்கக் கதவைத் திறந்தான். வலது ஷூவை உள்ளே வைக்கத் தூக்கினான். பாதி தூரம்கூட எழும்பவில்லை. மறுபடி தூக்கினான், தொந்தி தடுத்தது, ஷூ வழுக்கியது. எலக்ட்ரீஷியன் கையைத் துடைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் நெற்றியில் வியர்வை. நான் சீட்டைத் தாண்டிக் குனிந்து கையை நீட்டினேன். இரக்கத்தால் இல்லை. அவன் என் கையைப் பிடித்தே ஆக வேண்டும், அதைப் பார்க்க வேண்டும் என்பதற்காக நீட்டினேன். பிடித்தான். ஈரக் கை. இழுத்து மேலே போட்டேன்.

திருவொற்றியூர் தாண்டினோம். எண்ணூர் ரோட்டில் வழக்கம்போல டிரெய்லர் வரிசை. முன்னாலும் பின்னாலும் கன்டெய்னர்கள், ஊர்ந்து ஊர்ந்து போனோம்.

"உனுக்கு எவ்ளோ தெரியும்?" என்று கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி கேட்டான்.

"எல்லாந் தெரியும். ரெண்டு வெரலும் தெரியும்."

"யாரு சொன்னது?"

"எனுக்குக் கண்ணு இல்லியா?" அந்த அம்மாவை நான் காட்டிக்கொடுக்கவில்லை.

அவன் ஏசியைக் கூட்டி வைத்தான். "நாளைக்கு வராத" என்றான்.

"கிரீஸு வெச்சதுக்கா? என் காலுக்கா? இல்ல உங்க காலுக்கா?"

நான் வண்டியை நடு ரோட்டில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இஞ்சினை அணைத்தேன். சாவியை அவன் முன்னால் டேஷ்போர்டில் வைத்தேன். கதவைத் திறந்து, பின்பக்கமாகத் திரும்பி, கைப்பிடியில் தொங்கி இறங்கினேன். தரை தொட்டபோது முட்டியிலிருந்து மண்டை வரைக்கும் மின்னல் அடித்தது. நின்றேன். விழவில்லை.

"டேய்! எங்கடா போற? வண்டிய யாருடா எடுக்கறது?"

"நொண்டி ஓட்டற வண்டில நீங்க குந்தலாமா மொதலாளி? எறங்கி வந்து நீங்களே ஓட்டுங்க."

நொண்டிக்கொண்டே நடந்து ரோட்டோரத்துக்கு வந்தேன். இனி யாருக்காக மறைக்க வேண்டும்? அதற்குள் முன்னால் வரிசை நகர்ந்துவிட்டது. பின்னாலிருந்த டிரெய்லர்கள் ஹாரனை அலற விட்டன. பிக்கப்பின் இடது கதவு திறந்தது. ஷூ போட்ட கால் ஒன்று வெளியே வந்து, படி இருக்க வேண்டிய இடத்தில் காற்றைத் துழாவியது. இப்படிப் பார்த்தது, அப்படிப் பார்த்தது, மறுபடி உள்ளே போயிற்று. மறுபடி வந்தது.

பின் டிரெய்லரின் டிரைவர் கேபினிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்தினார்.

"யோவ், எறங்கி வண்டிய ஓரங்கட்டுயா! கால் இல்லியா உனுக்கு?"

அவன் கதவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். 'வா' என்று சொல்லவில்லை, ஆனால் கை லேசாக நீண்டது. பத்தடி தூரம்தான். போய்த் தோள் கொடுத்திருக்கலாம். நான் கையைக் கட்டிக்கொண்டு, அந்தக் கேள்விக்கு அவன் என்ன பதில் சொல்லப் போகிறான் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.